காடு என்றால் என்ன நிறம்? கல்லூரியில் நிலவரைபடம் படிப்பது பற்றிக் கொங்கு மாணவர்கள் கேட்பவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஆரம்பித்து அட்மிஷன் முடியும்வரை போன் ஓயாது. "ஏனுங் சார், ஜியாகிரபி எடுத்தா சும்மா மேப் வரைஞ்சிட்டே இருக்கணுங்களா?" என்பதுதான் பாதிப் பேர் கேட்பது. கொங்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல வருடம் புவியியல் செய்முறை வகுப்பு எடுத்தவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலவரைபடவியல் என்று தனியாக ஒரு டிகிரி இருக்கிறதா?

நம் பக்கத்தில் அது பி.எஸ்ஸி. புவியியலுக்குள் அடங்கிய பாடம். சில தாள்கள், அவற்றோடு செய்முறை, ரெக்கார்டு நோட்டு, வருடக் கடைசியில் வைவா. கோவை அரசு கலைக் கல்லூரியிலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் புவியியல் துறை உண்டு. முதுநிலைக்குப் போகும்போது ஜி.ஐ.எஸ். (கணினியில் இடத் தரவைப் படமாக்குவது), தொலையுணர்வு (செயற்கைக்கோள் படத்தைப் படிப்பது) என்று பிரிந்து ஆழமாகப் படிக்கலாம்.

சர்வேயர் படிக்கும் படமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. நாட்டில் நில அளவையைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த பழைய இடங்களில் ஒன்று சென்னைதான். புனித ஜார்ஜ் கோட்டையில் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையை ஆரம்பித்தார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே அவர் அளந்துகொண்டு போன நீண்ட வில்லில், அதாவது தெற்கு வடக்கு அளவைக் கோட்டில், நம்மூரும் ஒரு நிலையம். அந்தக் கணக்குகளில் 'புட்சபோலியம்' என்று ஒரு பெயர் இருக்கும், அட்சம் 10 டிகிரி 59 நிமிடச் சொச்சம். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பச்சாபாளையம் என்று காது திருத்திக்கொள்ளும். கோவையைச் சுற்றி அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் உண்டு.

அந்த மரபு முழுக்கப் பொறியியலுக்கும் வருவாய்த் துறைக்கும் போய்ச் சேர்ந்தது. உங்கள் தோட்டத்து எஃப்.எம்.பி. (புல வரைபடம்) அந்த வழியில் வந்ததுதான். வரப்பு எங்கே, எத்தனை மீட்டர், மூலைக்கல் எது என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். புவியியல் மாணவனுக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். ஏன் இந்த வட்டாரத்தில் கிணறு இவ்வளவு நெருக்கம், தறி ஏன் ஓடைக்கு இந்தப்பக்கம் மட்டும், மஞ்சள் ஏன் வாய்க்காலை ஒட்டியே போகிறது? இப்படிப்பட்ட கேள்விகளைத் தாளில் தெரியும்படி செய்வதுதான் இந்தப் பாடம்.

பல்கலைக்கழகப் பாடமாக இது எப்போது வந்தது?

நினைப்பதைவிட மிகச் சமீபத்தில். படம் வரைவது பழைய தொழில். அதைப் பல்கலைக்கழகத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது 20ஆம் நூற்றாண்டுச் சங்கதி. சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலையில் எடுவார்ட் இம்ஹாஃப் 1925-ல் இதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். மலையை நிழல்போட்டுக் காட்டுவதில் அவரை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை என்பேன். அமெரிக்காவில் ஹார்வர்டிலிருந்த எர்வின் ராய்ஸ் 1938-ல் மாணவர்களுக்கான முழுப் பாடநூல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

பெரிய திருப்பம் இரண்டாம் உலகப்போர். போருக்குப் படம் வேண்டும், வரைய ஆள் இல்லை. அமெரிக்க உளவு அமைப்பின் படப் பிரிவை நடத்திய ஆர்தர் ராபின்சன், போர் முடிந்ததும் விஸ்கான்சின் பல்கலைக்குப் போய்ப் பாடம் எடுக்க உட்கார்ந்தார். 1953-ல் வந்த அவருடைய பாடநூல் ஆறு பதிப்பு கண்டது. அவர் கேட்ட கேள்வி எளியது: படம் அழகாக இருக்கிறதா என்பது கிடக்கட்டும், பார்ப்பவர் கண் அதை எப்படிப் படிக்கிறது? எழுத்தின் அளவு, நிறத்தின் அடர்த்தி, கோட்டின் தடிமன் எல்லாம் அதற்குப் பிறகுதான் கையழகு என்ற நிலையிலிருந்து காரணம் சொல்லவேண்டிய விஷயமாக மாறின.

நம் நாட்டில் புவியியல் துறைகள் 1920களில் இருந்து ஒவ்வொன்றாக முளைத்தன. சென்னையில் 1926-ல் ஒரு புவியியல் சங்கம் உருவாகி, பின்னால் இந்தியப் புவியியல் கழகம் ஆனது. தேசிய நிலப்பட நூலுக்கான அமைப்பு 1956-ல் கொல்கத்தாவில் எஸ்.பி. சாட்டர்ஜி தலைமையில் தொடங்கியது. நிலவரைபடம் படித்தவர்களுக்கு அரசு வேலை என்று சொல்லிக்கொள்ள அது ஒரு முகவரி ஆயிற்று. கொங்கு நாட்டுக் கல்லூரிகள் வெகுகாலம் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில்தான் ஓடின. 1982-ல் பாரதியார் பல்கலையும், சேலம் பக்கத்துக்கு 1997-ல் பெரியார் பல்கலையும் வந்தபிறகுதான் பாடத்திட்டத்தை இங்கேயே உட்கார்ந்து எழுத முடிந்தது.

அந்தக் காலத்துச் செய்முறை வகுப்பில் என்னதான் செய்தீர்கள்?

நீள மேசை, டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், கிளார்க்ஸ் டேபிள் என்ற கணக்கு அட்டவணைப் புத்தகம். முதலில் அளவை (ஸ்கேல்). அப்புறம் கோட்டுச்சட்டம், அதாவது உருண்டைப் பூமியின் அட்ச தீர்க்கக் கோடுகளைத் தட்டைத் தாளில் இறக்கும் கணக்கு. பூமியின் ஆரம் 25 கோடி அங்குலம் என்று வைத்துக்கொள்வோம், செ.மீ. என்றால் 64 கோடி. 25 கோடிக்கு ஒன்று என்ற அளவையில் பூமி ஓர் அங்குல ஆரமுள்ள எலுமிச்சம்பழம் ஆகிவிடும். பூமிமேல் காகிதக் கூம்பைக் கவிழ்த்ததுபோல் வரைவது கூம்புக் கோட்டுச்சட்டம்; கூம்பு தொடும் அட்சம் 45 டிகிரி என்றால் அதை வரைய காம்பஸை ஒரே அங்குலம் விரித்தால் போதும். நம்மூர் 11 டிகிரிக்கு 5.14 அங்குலம் விரிக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குக் காம்பஸே பற்றாது, வளைவு நேர்கோடாகிவிடும். கூம்பு நடு அட்ச நாடுகளுக்குத்தான் பொருந்தும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். காம்பஸ் பிடித்த கைக்கு அது புத்தகத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

அதன்பிறகு மை. டிரேசிங் ஷீட்டில் ராட்ரிங் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும்; சாய்த்தால் கோடு உடையும், நிறுத்தினால் குண்டு விழும். தப்பு விழுந்தால் பாதி பிளேடால் மெதுவாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி மேலே வரைய வேண்டும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிந்திய ஒரு சொட்டைச் சுரண்டச் சோம்பல்பட்டு, என் வகுப்புத் தோழன் அதை ஏரியாக்கிவிட்டான். வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கொளத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது கண்ணு?" என்றார். எனக்குத் தெரிந்து படம் பற்றிய மிகச் சிறந்த கேள்வி அதுதான்.

வெளியே போனால் பிளேன் டேபிள். மைதானத்தில் முக்காலி மேசையை மட்டம் பார்த்து நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியை ஒரு கோடு, வேப்பமரத்தை ஒரு கோடு என்று பார்வைக்கதிர் இழுத்து, அடுத்த இடத்துக்கு நகர்ந்து மறுபடி இழுப்போம். இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் மரம் தாளில் வந்து நிற்கும். மூன்றாவது கோடு அதே புள்ளியில் வெட்டவில்லை என்றால் யாரோ மேசையை இடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். யார் என்று கண்டுபிடிப்பதில் மீதி வகுப்பு போய்விடும்.

கோவைப் பையன்களுக்கு மட்டும் ஏன் நாலு டோபோஷீட் (நிலத்தோற்றப் படத்தாள்) ஒட்டச் சொல்கிறார்கள்?

இது வாத்தியாரின் கொடுமை இல்லை, பூமியின் வேலை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 தாள் ஒவ்வொன்றும் 15 நிமிட அட்சம், 15 நிமிட தீர்க்கம் கொண்ட சதுரம். வட அட்சம் 11 டிகிரியும் கிழக்கு தீர்க்கம் 77 டிகிரியும் வெட்டிக்கொள்ளும் முனை, கோவை நகரத்துக்குள்ளேயே ராமநாதபுரம்–சிங்காநல்லூர்ப் பக்கம் விழுகிறது. அந்த ஒரு முனையில் 58ஏ/16, 58பி/13, 58இ/4, 58எஃப்/1 என்ற நாலு தாள்களின் மூலை சேர்கின்றன. முழு நகரம் வேண்டுமென்றால் நாலும் வேண்டும். ஈரோட்டுப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். ஈரோடும் பவானியும் 58இ/11 என்ற ஒரே தாளில் அடங்கிவிடும்.

கள ஆய்வில் எது கஷ்டம்? வெயிலா?

வெயில் இரண்டு நாளில் பழகிவிடும், வார்த்தைதான் ஏமாற்றும். பிரிட்டனில் டட்லி ஸ்டாம்ப் 1930களில் பள்ளிப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவர்களையும் ஊர் ஊராக அனுப்பி, ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்குப் பயன்படுகிறது என்று படத்தில் குறிக்க வைத்தார். அந்த முறை இங்கே வந்து, புவியியல் படிக்கும் எல்லோரும் ஒரு கிராமத்தின் நிலப்பயன்பாட்டுப் படம் போடுவது வழக்கமாயிற்று.

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். வெளியூரிலிருந்து வந்து எங்களிடம் படித்த ஒரு பெண், நல்ல உழைப்பாளி, சாயங்காலம் படத்தைக் காட்டினாள். ஊரைச் சுற்றி முக்கால்வாசி பச்சை! பல்லடத்தில் ஏது இவ்வளவு வனம் என்று கேட்டால், "ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் சார் எழுதினேன். இது என்னன்னு கேட்டா மேட்டுக்காடு, கரட்டுக்காடு, சோளக்காடுன்னுதான் சொன்னாங்க" என்றாள். நம் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கிணறு இருந்தால் அது தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல், மழையை நம்பியிருந்தால் காடு. 'காட்டுக்குப் போயிருக்காருங்க' என்றால் ஆள் களை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். குறியீட்டு அட்டவணைப்படி அந்த இடத்துக்கு மஞ்சள் அடிக்க வேண்டும்.

அந்தப் படத்துக்கு மார்க் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் அதைத்தான் முதலில் காட்டினேன். 1989-ல் பிரையன் ஹார்லி என்ற ஆய்வாளர், படம் என்பது நடுநிலைக் கண்ணாடி இல்லை, யார் எதற்காக வரைந்தார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது என்று எழுதியபின், பல்கலைக்கழகங்களில் இது தனி விவாதமாகவே வளர்ந்தது. முதுநிலையில் அதைப் படிப்பீர்கள். புட்சபோலியமும் மேட்டுக்காடும் தெரிந்தவருக்கு அது சீக்கிரம் விளங்கும்.

கம்ப்யூட்டர் எப்போது உள்ளே வந்தது?

ஆராய்ச்சியில் மிகச் சீக்கிரம். வால்டோ டோப்ளர் 1959-லேயே படத்தைத் தானியங்கியாக வரைவது பற்றி எழுதிவிட்டார். 1965-ல் ஹோவர்ட் ஃபிஷர் ஹார்வர்டில் தொடங்கிய ஆய்வகத்தின் சைமேப் மென்பொருள், பிரிண்டர் எழுத்துகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து நிழல் காட்டும். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்தது. 1988 மார்ச்சில் நம்முடைய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் மேலே போனதும், உள்நாட்டுத் தொலையுணர்வுப் படம் என்பது பாடத்துக்குள் வந்தது.

கலைக் கல்லூரிகளுக்கு அது இறங்கி வர வெகுநாள் ஆயிற்று. காரணம் காசு. ஜி.ஐ.எஸ். மென்பொருள் உரிமத்தின் விலைக்கு ஒரு துறை முழுக்க மேசை நாற்காலி வாங்கிவிடலாம். 2002-ல் ஆரம்பித்த கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருள் முதிர்ந்தபிறகுதான் எந்தப் பையனும் தன் லேப்டாப்பில் வீட்டில் உட்கார்ந்து பழக முடிந்தது. என்னைக் கேட்டால், நம் பக்கத்து வகுப்பறையை மாற்றியது செயற்கைக்கோளைவிட அந்த இலவச மென்பொருள்தான்.

மென்பொருளே கோட்டுச்சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுமே, அதை ஏன் படிக்க வேண்டும்?

சேலம் கடலில் விழாமல் இருக்க! உண்மையாகத்தான் சொல்கிறேன். இன்று பெரும்பாலும் பயன்படுவது யூ.டி.எம். என்ற கோட்டுச்சட்டம்; அது உலகை ஆறு ஆறு டிகிரியாக மண்டலம் பிரிக்கிறது. 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்கும் 78 டிகிரிக் கோடு, கொங்கு நாட்டின் நடுவே, பரமத்தி வேலூரை ஒட்டிப் போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் 43-ல். சேலம், நாமக்கல், கரூர் 44-ல்.

ஒரு வருடம் இறுதியாண்டு மாணவன் ஒருவன் கொங்கு முழுவதுக்கும் படம் செய்தான். சேலத்துத் தரவு 44-ல் இருந்தது. அதை முறையாக மாற்றாமல், பெயர்ப்பட்டையில் மட்டும் 43 என்று திருத்திவிட்டான். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேலம் நேர் மேற்கே ஆறு டிகிரி, ஏறத்தாழ 650 கி.மீ. நகர்ந்து, லட்சத்தீவில் பித்ரா தீவை ஒட்டிய கடலில் போய் நின்றது. இது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த எவரெஸ்ட் கணக்கில் போட்ட டோபோஷீட்டை, இன்று ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கு என்று நினைத்துக்கொண்டால் விலகல் சில நூறு மீட்டர்தான். அது கண்ணுக்குத் தெரியாது, கிணற்றைப் பக்கத்துத் தோட்டத்தில் வைத்துவிடும். வரப்பு விஷயத்தில் நம்மவர்கள் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

மாவட்ட வாரியாக நிறம் அடிப்பதெல்லாம் ஒரு பாடமா?

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டம் 34.8 லட்சம், கோவை 34.6 லட்சம், ஈரோடு 22.5 லட்சம். இந்த எண்ணிக்கைக்கே நேரடியாக நிறம் அடித்தால், பெரிய மாவட்டம் பெரிதாகவும் அடர்த்தியாகவும் தெரிந்து இரண்டு மடங்கு பொய் சொல்லும். ஆகவே பரப்பால் வகுத்து அடர்த்திதான் காட்ட வேண்டும். இது முதல் பாடம்.

சரி, ஈரோட்டை வகுப்போம். பரப்பு சுமார் 5,700 ச.கி.மீ.; அடர்த்தி 400-க்குச் சற்றுக் கீழே வரும். இப்போது அந்த நிறம் ஈரோடு மாநகரத்துக்கும் ஒன்று, யானை மட்டும் நடக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் ஒன்று. (இது நிஜக் காடு, பச்சைதான்.) புலிகள் காப்பகம் மட்டுமே சுமார் 1,400 ச.கி.மீ. உள்ளே இருக்கும் சில மலைக்கிராமங்களை விட்டுவிட்டு அந்தப் பரப்பைக் கழித்தால், மிச்சப் பகுதியின் அடர்த்தி 500-ஐத் தாண்டுகிறது. மக்கள் வாழாத இடத்தைக் கழித்துவிட்டு நிறம் அடிக்கும் இந்த முறையை அமெரிக்காவின் ஜான் ரைட் 1936-ல் ஒரு சிறு தீபகற்பத்துக்குச் செய்து காட்டினார். மென்பொருளில் ஒரு பட்டனைத் தட்டினால் முதல் படம் வரும். இரண்டாவது வரவேண்டுமென்றால் அந்தக் காட்டைத் தாண்டி மலைமேல் இருக்கும் தாளவாடிக்கு ஒரு தடவையாவது பஸ் ஏறியிருக்க வேண்டும்.

அப்படியானால் கையால் வரைவதை இன்னும் ஏன் விடவில்லை?

எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தை ஸ்டென்சிலில் பழகுவது, ஒரே படத்தை மூன்று முறை மை போட்டு ரெக்கார்டு நிரப்புவது, இவை வெறும் பொழுதுபோக்கு, எப்போதோ எடுத்திருக்கலாம். சமஉயரக்கோட்டைக் கையால் வரைவதை மட்டும் எடுக்கக் கூடாது. உயரப் புள்ளிகளுக்கு நடுவே பென்சிலை நகர்த்தும்போது, இந்த இடத்தில் ஓடை இருக்கிறது, கோடு மேட்டுப்பக்கம் மடங்க வேண்டும் என்று யோசித்தே ஆகவேண்டும். திரையில் அந்த யோசனை இல்லாமலே அழகான கோடு வந்துவிடுகிறது.

கணக்கு வராது. சமாளிக்கலாமா?

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். விகிதம் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும்.

தமிழ்வழி படித்தவர்களுக்குச் சொற்கள் சிக்கலா?

முதல் பருவத்தில் கொஞ்சம். பள்ளிப் புத்தகத்தில் கோட்டுச்சட்டம், முறைக்குறியீடு, சமஉயரக்கோடு என்று படித்திருப்பீர்கள். கல்லூரியில் வாத்தியாரே புரொஜெக்‌ஷன், சிம்பல், கான்டூர் என்பார். இரண்டையும் ஒரு நோட்டில் எதிரெதிரே எழுதிக்கொண்டு வாருங்கள், தீபாவளிக்குள் பழகிவிடும். 'முறைக்குறியீடு' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அதில் முறை என்ற ஒழுங்கு இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அது இல்லை.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் இந்தக் கேள்வியோடுதான் வருவார்கள், நியாயம்தான். பி.எட். முடித்து ஆசிரியர் ஆவது பழைய வழி. போட்டித் தேர்வு எழுதுவோர் பலர். தனியாரில் ஜி.ஐ.எஸ். வேலை உண்டு, ஆனால் முதல் வருடம் பெரும்பாலும் காலை முதல் சாயங்காலம்வரை செயற்கைக்கோள் படத்தின்மேல் கூரை, ரோடு, மின்கம்பம் என்று கோடிழுக்கும் வேலைதான். சம்பளமும் அதற்கேற்றாற்போல்தான் இருக்கும். கொஞ்சம் பைத்தானும் தரவுத்தளமும் கற்றுக்கொண்டவர்கள் அங்கிருந்து மேலே போவதைப் பார்த்திருக்கிறேன்.

டோபோஷீட் வாங்க இப்போதும் லெட்டர்பேடு, சீல் எல்லாம் வேண்டுமா?

முன்பு துறைத்தலைவர் கையெழுத்துக்கு அலைந்தோம். 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கென்று தனி வரிசையைப் பிரித்தது. 2017-ல் 'நக்ஷே' தளத்தின் மூலம் 1:50,000 படங்களை ஆதார் எண் கொடுத்து இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது. 2021 பிப்ரவரி வழிகாட்டுதலுக்குப் பிறகு தனியார் படம் எடுப்பதற்கும் கட்டுப்பாடு வெகுவாகத் தளர்ந்தது. செயற்கைக்கோள் படத்துக்கு இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. புது வரிசையில் தாள் எண் மாறிவிடும். 58 என்று தேடினால் கிடைக்காது, கோவை சி43-க்குள் வரும்.

சேர்வதற்கு முன் வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்து பார்க்கலாமா?

பவானி–ஈரோடு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பவானி அணைக்கட்டில் கிளம்பும் காலிங்கராயன் வாய்க்காலை நீலப் பென்சிலால் தொடருங்கள். ஏறத்தாழ 90 கி.மீ. ஓடும் வாய்க்கால், 13ஆம் நூற்றாண்டு வேலை. நேராகவே போகாது, வளைந்து வளைந்துதான் போகும். பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அப்புறம் பழுப்பு நிறத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும் சமஉயரக்கோடுகளைப் பாருங்கள். வாய்க்காலுக்குப் பக்கத்தில் போகும் கோட்டை எடுத்து, எங்கே இரண்டும் சேர்ந்து திரும்புகின்றன, எங்கே வாய்க்கால் அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வகுப்புக்கு அந்தத் தாளோடு வந்தால் போதும்.